சந்தனம் பூசிய கன்னம்

மகனே,

வளைகாப்பு அன்று என் அக்காவான உன் அம்மாவின் வலது கன்னத்தில் சந்தனம் பூசியபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அக்காவுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது, இது பல்லிலிருந்து வந்த வீக்கம், இப்போதே டாக்டரிடம் போக வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாருக்கும் கேட்டிருக்கும். நான் விரலைக் கிண்ணத்தில் மறுபடி தோய்த்து அவளுடைய இடது கன்னத்துக்குப் போய்விட்டேன்.

நீ இதைப் படிக்கும்போது வளர்ந்த ஆளாக இருப்பாய். இன்று உனக்கு ஆறு வயது. ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த உன் முதல் பல் இன்று காலையில் விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, உதட்டில் ரத்தத்தோடு சிரித்தபடி என்னிடம் ஓடி வந்தாய். உன்னைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். "போய் வாயக் கொப்பளி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். என்றைக்காவது நீ வந்து, உன் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று சொல்லும் நாளில் இதை உன்னிடம் கொடுப்பேன். இதையெல்லாம் பெண்பிள்ளைக்குத்தானே எழுத வேண்டும் என்று கேட்பார்கள். பெண்களுக்கு இது தெரியாமல் போகவில்லை. உன் அம்மாவுக்குத் தன் பல் வலித்தது தெரியும். அதைச் சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு ஒரு இடம் இல்லை. அந்த இடத்தை உண்டாக்க வேண்டியவன் நீ. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

படத்தில் இருக்கும் என் அக்கா வனிதாதான் உன்னைப் பெற்றவள் என்பது உனக்கு இப்போதே தெரியும். அவளை அம்மா என்கிறாய், என்னைச் சித்தி என்கிறாய். அவள் போன மறுவருடம் உன் அப்பாவை நான் கட்டிக்கொண்டேன். அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். போடியில் எங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சிரிப்பதும் சண்டை போடுவதும் அவள்தான். நான் ஒரு மூலையில் புத்தகத்தோடு இருப்பேன். கிளை நூலகத்தில் என் அட்டைக்கு எடுத்தது போதாமல் அவள் பெயரிலும் ஒரு அட்டை போட்டு எடுப்பேன். அதனால் என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏ லைப்ரரி" என்றுதான் கூப்பிடுவாள். நிறையப் படிக்கிறவள், படித்ததை நாலு பேர் நடுவில் பேசத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி அவள் சொன்னது சரிதான்.

அடிவாரத்துச் சிலமலையில் உன் அப்பத்தா வீட்டுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவள் மலைக்குப் போய்விட்டாள். உன் அப்பா அப்போது போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார், தோட்டத்து வீட்டிலேயே இருவரும் இருந்தார்கள். உனக்கு முன்னால் ஒரு பிள்ளை உண்டாகி மூன்றாம் மாதத்தில் கலைந்தது. காய்ச்சல் என்று ஒரு மாத்திரை போட்டாள், மறுநாள் ஜீப்பில் ஏறிக் கீழே இறங்கினாள், அன்று மாலையே எல்லாம் முடிந்தது. இது மாத்திரையாலும் இல்லை, ஜீப்பாலும் இல்லை, சில கரு காரணம் தெரியாமலே நிற்காமல் போகும் என்று பார்த்த டாக்டர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நீ உண்டானபோது, ஏழாம் மாதம்வரை ஜீப் கிடையாது, மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது என்று உன் அப்பத்தா சொல்லிவிட்டாள். அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துக்கொள்ளாதே. கலைந்த பிள்ளைக்காக என் அக்காவைவிட அதிக நாள் அழுதவள் அவள்தான்.

அக்காவுக்குக் கீழ்வரிசையில் வலது பக்கம் கடைவாய்ப் பல்லில் கல்லூரிக் காலத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது. அது பாட்டுக்குக் கிடந்தது. நீ உண்டானதும் முதல் மூன்று மாதம் ஓயாத வாந்தி. ஒவ்வொரு வாந்திக்கும் பிறகு வாய்க் கசப்புப் போகவேண்டுமென்று பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்ப்பாள். வாந்திப் புளிப்பு பல்லை இளக்கி வைத்திருக்கும், வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தேய்க்க வேண்டும் என்பது எனக்கே அப்போது தெரியாது. நான்காம் மாதத்தில் ஈறு வீங்கி, தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வந்தது. மாசமாக இருப்பவர்களுக்கு அப்படித்தான் வரும் என்று பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி சொன்னாள். வருவது உண்மைதான், ஆனால் வருகிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. மாதாமாதம் மலையிலேயே பரிசோதனைக்குப் போனாள். வயிற்றைப் பார்த்தார்கள், வாயை யாரும் பார்க்கவில்லை, அவளும் காட்டவில்லை.

ஐந்தாம் மாதத்தில் நான் அவளைப் பார்க்க மலைக்குப் போனேன். வாசலிலேயே கட்டிக்கொண்டாள். ஏலக்காய் மணத்தது. உலர்த்தி வைத்த காயில் ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தாள். அன்று அங்கே வந்திருந்த உன் அப்பத்தா, "என் மருமகளுக்கு மசக்கையே ஏலக்கா மேலதான். வாங்குறவன் கொண்டுபோறதுக்கு முன்னாடி இவளே தின்னு தீத்துருவா" என்று பெருமையாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் படுத்தபோதுதான் அந்த மணத்துக்குக் கீழே இன்னொரு வாடை இருப்பது எனக்குத் தெரிந்தது. அழுகல் வாடை. இடது பக்கம் மட்டுமே மென்று சாப்பிடுகிறாள் என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

"எத்தன நாளா வலிக்குது?" என்று கேட்டேன்.

"எதுடி?"

"பல்லு."

"வலின்னா அப்பப்ப. சேச்சி கிராம்பு எண்ணெய் குடுத்துச்சு, பஞ்சுல வச்சா அடங்கிருது. யாருகிட்டயும் சொல்லித் தொலச்சிராத."

"மாமாகிட்டச் சொன்னியா?"

"அவருகிட்டச் சொல்றதும் ஒண்ணு, அத்தகிட்டச் சொல்றதும் ஒண்ணு. பல்லு வலின்னா டாக்டரு, டாக்டருன்னா மாத்திர. போன தடவ மாத்திரன்னு ஆரம்பிச்சது எங்க போய் நின்னுச்சுன்னு தெரியும்ல. எனக்கே பயமா இருக்குடி."

அந்தக் கடைசி வார்த்தையை நீ மறக்காதே. அவள் மாமியாருக்கு மட்டும் பயந்து மறைக்கவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான் வலியைப் பொறுத்துக்கொண்டாள்.

மலையிலிருந்து இறங்கியதும் போடியில் ஒரு பல் டாக்டரிடம் நான் மட்டும் போனேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருந்தார். நான் நாற்காலியில் ஏறி உட்காராமல் நிற்பதைப் பார்த்து, "பேஷண்டு எங்க?" என்றார். மலையில் இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள் என்றேன். "பேஷண்ட மலையில விட்டுட்டு நீங்க வந்து வாயத் தொறந்தா நான் யாரு பல்லப் பாக்குறது?" என்று சிரித்தார். பிறகு என்னை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை பல் பார்ப்பதற்கு வசதியான காலம், மல்லாந்து உட்காரவும் சிரமம் இருக்காது. மரத்துப்போகப் போடும் ஊசியாலோ பல்லை எடுப்பதாலோ வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. எக்ஸ்ரே வேண்டுமென்றால் வயிற்றை மறைத்து எடுப்போம். எத்தனையாவது மாதம் என்று சொன்னால் அதற்குத் தக்க மருந்து கொடுப்போம், கடையில் தானாக வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. "வலியோட விட்டுட்டுப் பிரசவத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. வீக்கமோ காய்ச்சலோ வந்துட்டா எத்தனாவது மாசம்னு கணக்குப் பாக்க வேணாம். அன்னைக்கே கொண்டாந்துருங்க" என்றார். அவர் சொன்ன அத்தனையும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்றும் நினைவிருந்தது.

அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "லைப்ரரி இப்ப ஆஸ்பத்திரி ஆயிருச்சா?" என்று கேலி செய்தாள். பிறகு ஒரு யோசனை சொன்னாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தால் போடியில் எங்கள் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். வந்துவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மறுநாளே நானே அவளை அந்த டாக்டரிடம் கூட்டிப்போகலாம். இரண்டு மாதம்தானே. எனக்கும் அது நல்ல வழியாகத் தோன்றியது. வளையல் பூட்டும்வரை பெண், மாமியார் வீட்டுப் பொறுப்பு, பூட்டிய பிறகு அம்மா வீட்டுப் பொறுப்பு. நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ காரியங்களை இந்தக் கணக்கில் தள்ளிவைத்துச் சாமர்த்தியமாக முடித்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணைக் காட்டிக் கண்ணாடி போடுவதைக்கூட. அக்கா பல்லையும் அந்தக் கணக்கில் வைத்தாள். நானும் சரி என்றேன்.

வளைகாப்பு சிலமலையில் ஒரு வியாழக்கிழமை நடந்தது. மலையிலிருந்து ஒரு வாடகைக் காரை ஊர்ந்துவரச் சொல்லி அவளை முந்தின நாளே கொண்டுவந்திருந்தார்கள். உன் அப்பா, மனைவி மாசமாக இருப்பதால் மழிக்காத தாடியோடு பந்தலில் அலைந்துகொண்டிருந்தார். "மாப்ளே, சாமியாராப் போறதுன்னா குத்தகைய எனக்கு மாத்தி விட்டுட்டுப் போ" என்று அவருடைய மாமன் மச்சான்கள் கிண்டல் செய்தார்கள். கைநிறைய வளையல் அடுக்கி, முகத்தில் சந்தனமும் குங்குமமுமாக அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் பூசிய பெண்கள் எல்லாம் கன்னத்தில் பட்டும் படாமல் தடவி நகர்ந்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து, அதன்மேல் மறுபடி ஈரச் சந்தனம் ஏறி, கன்னம் மெத்தென்று பூரிப்பாகத் தெரிந்தது. தாய்மைக் களை என்று யாரோ சொன்னார்கள். என் விரல் பட்டதும் அவள் தோள் துள்ளியது. சந்தனத்துக்கு அடியில் கன்னம் இறுகிப்போய், அனலாக இருந்தது.

நான் குனிந்திருந்தேன். என் காதில் பல்லைப் பிரிக்காமல் சொன்னாள்: "சொல்லிராதடி. இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்ல இருப்பேன்ல."

கலவைச் சாதம் ஊட்டினார்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. "என்னத்தா இது, வெக்கத்துல வாயே தொறக்க மாட்டேங்குற? புருசங்கிட்ட இப்பிடியா இருந்த?" என்று ஒரு பெரியம்மா கேட்க, வீடே சிரித்தது. அக்காவும் கண்ணால் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வீடியோவில் அப்படித்தான் இருக்கிறது.

அன்று மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. விருந்து முடியத் தாமதமானது. நாங்கள் கிளம்பத் தயாரானபோது விளக்கு வைத்துவிட்டார்கள். உன் அப்பத்தா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "விளக்கு வச்சதுக்கு அப்புறம் வயித்துப்பிள்ளக்காரிய எப்பிடிச் சம்மந்தி வெளிய அனுப்புறது? நாளைக்கு வெள்ளி, நம்ம வீட்டு லச்சுமிய அனுப்பக் கூடாது. சனி வேண்டாம். ஞாயித்துக்கிழம காலைல நானே காருல கொண்டாந்து விட்டுர்றேன்." என் அம்மாவுக்கு அதில் மறுக்க ஒன்றும் இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அக்கா உள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், பரவாயில்லை என்பதுபோல. நான் அம்மாவோடு ஆட்டோவில் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான் போன் செய்தபோது உன் அப்பத்தா எடுத்தாள். அக்காவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது என்றாள். தாடை முழுக்க வீங்கிக் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அக்காவுக்குப் போட்டிருக்கிறாள், தங்கம் பட்டால் இறங்கிவிடும். வேப்பிலை கட்டியாயிற்று. அம்மை இனம் என்பதால் மருந்து மாத்திரை பக்கமே போகக் கூடாது. உன் அப்பா காய் பறிப்புச் சோலி இருக்கிறது என்று காலையிலேயே மலைக்குப் போய்விட்டார்.

"அத்த, அது பொன்னுக்கு வீங்கி இல்ல. அக்காவுக்குப் பல்லுல சீழ் வச்சிருக்கு. ரெண்டு மூணு மாசமாவே வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.

அவள் கோபமில்லாமல்தான் கேட்டாள்: "பல்லு வலின்னா நேத்து நீ இங்கதான இருந்த, ஒரு வார்த்த சொல்லிருப்பேல்ல தாயி?"

"நீ இப்ப வராத, ஒட்டிக்கிரும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். உன் அப்பாவுக்கு அடித்தேன், மலையில் டவர் கிடைக்கவில்லை. என் அம்மாவிடம் சொன்னேன். பொன்னுக்கு வீங்கியென்றால் தானாக இறங்கிவிடும், காலையில் போய்ப் பார்ப்போம் என்றாள். நோய்க்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், பெயர் வைத்தபின் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. வியாழக்கிழமை நான் வேறு பெயரைச் சொல்லியிருந்தால் இந்தப் பெயர் நுழைய இடம் இருந்திருக்காது.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அக்கா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடைக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் இல்லை. அந்த வீக்கத்தில் சங்கிலி அழுந்திக் கிடந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தாள், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு வரவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சத்தம் வந்தது. உன் அப்பத்தா அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரவு முழுவதும் தூங்காத கண். என்னைப் பார்த்ததும், "நீ சொன்னதுதான் போலருக்கு. வெரசா ஏதாச்சும் பண்ணு தாயி" என்றாள். நான் தெருவுக்கு ஓடிப் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். அக்கா என் மடியில் சாய மறுத்து, மூச்சுக்காக நிமிர்ந்தே வந்தாள். ஒரு கை என் கையில் இருந்தது, இன்னொரு கை உன்மேல் இருந்தது. அத்தனை வளையலும் வழியெல்லாம் குலுங்கிக்கொண்டு வந்தன.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் மனைவி உண்டாவதற்கு முன்பே இருவரும் போய்ப் பல்லைக் காட்டிக்கொள்ளுங்கள். உண்டான பிறகு அவள் எந்தப் பக்கம் மென்று சாப்பிடுகிறாள் என்று பார். எச்சில் துப்பும்போது ரத்தம் இருக்கிறதா என்று கேள். கேட்டால் இல்லை என்பாள், இன்னொரு தடவை கேள். வலி என்றால் அது எந்த மாதமாக இருந்தாலும், என்ன கிழமையாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போ. முகம் வீங்கினாலோ, வாய் திறக்க வராவிட்டாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்போதே போ, என்னிடம்கூடக் கேட்க நிற்காதே. அந்த நாளில் மாமியாராக இருக்கப்போகிறவள் நான்தான். அவளுக்கு ஒன்று என்றால் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அவள் நினைக்கும்படி நான் நடந்துகொண்டால், இந்தக் கடிதத்தை என் முன்னால் வைத்துப் படி. உன் அப்பத்தாவைக் குற்றம் சொல்லாதே. அவளிடம் இருந்த ஒரே சங்கிலி அது. எனக்குத்தான் உண்மை தெரிந்திருந்தது. நல்ல காரியம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசினேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

அக்காவைத் தேனி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். மூச்சுக்காக அவளுடைய கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். சீழ் நெஞ்சுக்குள் இறங்கி ரத்தத்திலும் கலந்திருந்தது. அன்று மாலை வயிற்றைக் கிழித்து உன்னை எடுத்தார்கள். நீ அழுதாய் என்று நர்ஸ் வந்து சொன்னாள். உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அக்காவுக்கு நினைவு திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்துபோனாள். அவள் உன்னைப் பார்க்கவில்லை.